முந்நூற்றுப் பன்னிரண்டு

ஜமுனாமரத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

பிரியமுள்ள மச்சான் கோபால்சாமிக்கு,

உன் பழைய கூட்டாளி, தேன், புளி, சாமை வியாபாரி இக்பால் எழுதுவது. 'இங்கு யாவரும் நலம்' என்று ஆரம்பிப்பதுதான் முறை. அந்த வரியை இந்தத் தடவை ஒத்திவைக்கிறேன். அதற்குப் பதிலாக என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உன் மிளகு எஸ்டேட்டுக்குக் கொண்டுவரும் வெற்றிச்செல்வன் எப்படியும் உன்னிடம் சொல்லத்தான் போகிறான். அவன் சொன்னால் வேட்டியும் சேர்ந்து போனதாகச் சொல்லுவான்.

போன சந்தை நாளில் நான் ஒற்றைச் செருப்போடு சந்தை முழுவதும் நடந்தேன். கருவாட்டுக் கடையில் ஆரம்பித்து, பாத்திரக் கடையைத் தாண்டி, தாலுகா ஆபீஸ் வாசல் வரைக்கும். வலது காலில் செருப்பு, இடது காலில் வெறும் சரளைக்கல். நடை மட்டும் மாப்பிள்ளை நடை. வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். என் புதுச் சட்டையைப் பார்த்துத்தான் என்று நினைத்து நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கு சலாம்கூட வைத்தேன். கடைசியில் கருவாட்டுக்கார வெள்ளையம்மாள் என் இடது செருப்பை ஒரு கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். 'இன்னா பாய், காலு ரெண்டும் இருக்குதா, இல்ல அதையும் என் கடையாண்ட கயட்டி வுட்டுட்டு வந்துட்டியா?' என்று மலைக்கே கேட்கும்படி கத்தினாள்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம். ஆனால் மச்சான், செருப்பைக் கையில் வாங்கியபிறகுதான் யோசித்தேன். செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை. சரளைக்கல் குத்தியது தெரியவில்லை. கடைக்கு வந்து காலைத் திருப்பிப் பார்த்தால் குதிகாலுக்குப் பக்கத்தில் ரத்தம் காய்ந்து கிடக்கிறது. அது யாருடைய கால் என்று கேட்டிருந்தால், பக்கத்துக் கடைக்காரனுடையது என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே நர்ஸ் கோகிலவாணி, உனக்குத் தெரியுமே, பிள்ளைத்தாய்ச்சிகளையே அதட்டுகிற பெண், என்னைக் கண்டதும் முதலில் குழாயடிக்கு அனுப்பினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். 'தேன் கடைக்காரருக்குக் கை கழுவாம விரலைக் குத்துனா, உங்க சுகரைக் காட்டாதுங்க, கடை சுகரைத்தான் காட்டும்' என்றாள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

ரத்தம் பார்த்தாள், இருநூற்று நாற்பது. அதற்கப்புறம் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மீன் பிடிக்கிற நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டாள். தொடும்போதெல்லாம் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். நான் பத்துக்குப் பத்து சொன்னேன். ரொம்பப் பெருமையாகக் கண்ணைத் திறந்தால், அவள் தன் வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறாள். வளையல் சத்தத்தை வைத்துத்தான் நான் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். மறுபடி தொட்டாள். இந்தத் தடவை இடது காலில் பத்துக்கு மூன்று. பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொள்வது ஏழாம் வகுப்போடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

எனக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் அனுப்பும்போதுதான், நோட்டைப் புரட்டிக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள். 'உங்க தங்கச்சி மாதம்மா ரெண்டு வருசமா மாத்திரை வாங்க வர்லீங்க. ஆள் அனுப்பிக் கேட்டா, எனக்கு பாய் தேன் போதும்னு சொல்லி அனுப்புச்சு. வூட்டுக்குப் போய்ட்டு வந்தேன், கதவைத் தொறக்கல.'

உன் மனைவியைத்தான் சொன்னாள்; ஊருக்கே அவள் என் தங்கச்சி. அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன் மச்சான்.

போனபோது மாதம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தால் முதலில் எழுந்து சொம்புத் தண்ணீர் கொண்டுவருகிறவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே, 'வாங்க பாய், இன்னா ஒரே காலோட சந்தைக்கு வந்தீங்களாமே' என்றாள். இடது காலைப் புடவைக்குள் இழுத்து வைத்திருந்தாள். ஒரு வாசனை வந்தது. புளி மூட்டை நனைந்து கெட்டுப்போனால் வருமே, அதற்கும் மேலே.

நான் கேட்டேன், அவள் மழுப்பினாள். நான் உன் பெயரைச் சொல்லி அதட்டினேன். அவள் மொச்சையைப் பார்த்தாள். கடைசியில் எண்ணெய்த் துணியை அவிழ்த்தாள். பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்திருக்கிறது. சாமைக் கட்டு அடித்தபோது களத்தில் வைக்கோல் தாள் குத்தியதாம். களத்துக்குள் செருப்புப் போடக் கூடாது என்பது உங்கள் வழக்கம். நானே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவேன். குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாள் கழித்து வீடு பெருக்கும்போது தரையில் ரத்தக்கறையைப் பார்த்து, கோழிக்கு அடிபட்டிருக்கிறது என்று கோழியைத் தேடியிருக்கிறாள். அது நடந்து ஒரு மாதம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் எஸ்டேட் மேஸ்திரியின் போனில் உன்னிடம் பேசி, 'நல்லாத்தான் கீறேன், நீ நல்லா சாப்புடு' என்று சொன்னாளே, அப்போதும் அந்தத் துணி காலில்தான் இருந்தது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். 'மிளகு சீசன்ல அவரை ஓடியாற வெக்காதீங்க' என்றாள். சத்தியம் பண்ணினேன். இதோ உடைக்கிறேன். என் சத்தியத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததா?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை வேலூருக்குக் கூட்டிப்போகிறேன். கனீஸ் ஃபாத்திமாவும் துணைக்கு வருகிறாள். என் மனைவி வந்தால்தான் மாதம்மாள் வருவேன் என்கிறாள். போளூரில் ஹாஸ்டலில் இருக்கும் உன் மகள் அபிநயாவுக்குப் பரீட்சை நேரம். அவளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி போனை இன்று மட்டும் பதினோரு தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் கன்னடத்தில் சொல்கிறாள். அவளோடு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. வெற்றிச்செல்வன் குழந்தைக்குக் காது குத்திவிட்டு சனிக்கிழமை உங்கள் எஸ்டேட்டுக்குத் திரும்புகிறான். அதுவரை நடப்பதை இதிலேயே எழுதிவைக்கிறேன்.

வேலூர்,
வியாழக்கிழமை.

மச்சான், நேற்று எழுத முடியவில்லை. மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மாதம்மாளுக்கு வாந்தி. கனீஸ் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல உதவாத வேடிக்கையெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். கீழே கால் வைத்ததும் அவள் முதல் வார்த்தையாக, 'பாய், திரும்பிப் போவும்போது வாயைக் கட்டிக்கினு வாங்க, எனக்கு வாந்தி அதாலதான்' என்றாள். அந்தக் கிண்டலைக் கேட்டபோது எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதிப் பாதியை டாக்டர் எடுத்துக்கொண்டார். கணுக்காலில் பட்டை கட்டி, காற்றடித்து, கருவியை வைத்துக் கேட்டார்கள். வலது காலில் ரத்தம் ஓடுகிற சத்தம் ஆடு ஓட்டுகிற மாதிரி 'உஸ்ஸு உஸ்ஸு' என்று கேட்டது. இடது காலில் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள். எங்கேயோ தூரத்தில் ஒரு முனகல். அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே குழாய் சுருங்கிவிட்டதாம். பலூன் மாதிரி ஒன்றை உள்ளே விட்டுக் குழாயை அகலப்படுத்தி, கறுத்த விரலை எடுத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை செய்தால் விரலோடு நிற்கும். தள்ளிப்போட்டால் கணுக்கால். அதற்கும் மேலே எதுவரை என்று நான் கேட்டேன். டாக்டர் கையால் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் காட்டினார். என் காலில்தான் காட்டினார். இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

இப்போது தூபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் வேலூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் என்ன செய்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம், 'ஏதோ தட்டு கழுவுகிறாள்' என்று சொல்லி வந்தேன். பாதி உண்மை. அவள் தட்டில் வளர்ப்பது ரத்தக் குழாயின் உள் பக்கத்தில் ஒட்டியிருக்கும் செல்களை. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரே ஒரு அடுக்கு, குழாய் முழுவதும் உள்ளே பரவியிருக்குமாம். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, அது என்ன பாடு படுகிறது என்று பார்க்கிறாள். ஐந்து வருஷமாக என் மகள் இந்த வேலையைச் செய்கிறாள். நேற்று சாயங்காலம்தான் நான் முதல் தடவையாக அது என்ன என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார வைத்துச் சொன்னாள்.

எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். உடம்பில் சதைக்கும் கொழுப்புக்கும் கதவு உண்டாம். இன்சுலின் வந்து தட்டினால்தான் சர்க்கரைக்கு நன்றாகத் திறக்கும். ரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சிப் போனால் அவை கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் குழாயின் உள்சுவரில் இருக்கிற இந்தச் செல்லுக்கு அப்படிச் சாத்தத் தெரியாது. வெளியே எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவும் உள்ளே வந்துவிடும். 'கதவே இல்லாத வூடுப்பா அது' என்றாள் தூபா.

வீட்டுக்குள் அடுப்பு இருக்கிறது. சர்க்கரைதான் விறகு. ஒன்றிரண்டு கட்டை வைத்தால் அடுப்பு சீராக எரியும். வாய் நிறையத் திணித்தால் என்ன ஆகும்? பொறி பறக்கும். நாம் இழுக்கிற ஆக்சிஜன்தான் அங்கே ஒழுங்காக எரியாமல் பொறியாகித் தெறிக்கிறதாம். ஒரு பொறி என்றால் செல்லே அணைத்துக்கொள்ளும். அதற்கென்று குடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறது. ஆனால் பொறி அதிகமானால் அது சர்க்கரை போகிற நேர்வழியையே அடைத்துவிடுகிறது. நம் மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவில் லாரி மாட்டிக்கொண்டால், வண்டியெல்லாம் கண்ட கண்ட கொல்லைக்குள் இறங்குமே, அப்படி சர்க்கரை சந்து பொந்தில் திரும்புகிறது. அதில் ஒரு சந்தில் போகிற சர்க்கரை, பொறியை அணைக்க வைத்திருந்த அந்தக் குடத்துத் தண்ணீரையே குடித்துவிட்டுப் போகிறது. பிறகு அணைக்க ஆளில்லை. இதற்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர் சொன்னாள். எனக்குத் தெரிந்த அழுத்தமெல்லாம் உன் தங்கச்சி கனீஸ் தருவதுதான் என்றேன். தூபா சிரிக்கவில்லை. என் வேடிக்கைக்கு அவள் சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மேலே சொன்னாள். குழாய் இறுகாமல் தளர்ந்து கொடுக்க, இந்தச் செல் ஒரு வாயுவைச் சமிக்ஞையாக அனுப்புமாம். அந்தப் பொறி அதையும் பிடித்துத் தின்றுவிடுகிறது. சமிக்ஞை போகாததால் குழாய் விறைத்து, சுவர் தடித்து, வழி குறுகுகிறது. நரம்புக்குச் சோறு கொண்டுபோகிற மயிர்போன்ற குழாய்களுக்கும் இதே கதி. நரம்பு பட்டினி கிடந்து செத்தால் வலி தெரியாது. ரத்தம் போகாவிட்டால் புண் ஆறாது. என் செருப்பும் மாதம்மாளின் விரலும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயம், மச்சான்.

பிறகு செல்போனில் மூன்று படம் காட்டினாள். பொறி இருக்கிற இடம் மட்டும் ஒளிரும்படி சாயம் போட்டு எடுத்தவை. முதலாவது, அளவான சர்க்கரையில் வளர்ந்த செல்: அமாவாசைக்கு மலை எப்படி இருக்கும், அப்படி இருட்டு, அங்கங்கே ஒரு மினுக்கு. இரண்டாவது, அதிகச் சர்க்கரையில் இரண்டு வாரம் இருந்தது: பங்குனியில் காடு பற்றிக்கொண்டால் போளூரிலிருந்து பார்க்க எப்படி இருக்கும்? அது. மூன்றாவதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் மங்கல். இது இன்னும் அதிகச் சர்க்கரையா என்று கேட்டேன். இல்லையாம். அது சர்க்கரையைக் குறைத்து ஒரு வாரம் ஆனபிறகு எடுத்ததாம். 'தண்ணிய மாத்திட்டேன்ப்பா. அது மறக்கல' என்றாள்.

ரத்தத்தில் எண் இறங்கினாலும் அந்தச் செல் பட்டதை ஞாபகம் வைத்துக்கொண்டு எரிந்துகொண்டிருக்குமாம். அதனால்தான் ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார்கள். ஆரம்பம் என்றால் எது என்று கேட்டேன். 'மாதம்மா அத்தைக்குன்னா, அந்த ரெண்டு வருசம்தான்ப்பா' என்றாள்.

நான் கடைசியாக ஒன்று கேட்டேன். தேனை ஊற்றிப் பார்த்தாயா என்று. அதற்கு அவள், தேனிலும் மூன்றில் ஒரு பங்கு இதே சர்க்கரைதான், மீதியில் பெரும்பாகம் அதன் பங்காளி, அது மலையில் எடுத்ததா மில்லில் எடுத்ததா என்று செல் விசாரிக்காது என்றாள். டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை.

மாதம்மாள் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள்.

ஒப்புதல் தாளை மூன்று தடவை நீட்டினார்கள். முதல் தடவை 'அவரு வந்தாத்தான்' என்றாள். இரண்டாம் தடவை, 'கால்ல கை வெச்சிட்டா கொல்லை வேலைக்கு நீங்களா போவீங்க?' என்று டாக்டரையே கேட்டாள். மூன்றாம் தடவைதான் மனதில் இருப்பது வெளியே வந்தது. வீட்டுக்குப் போய்த் தேனை வேளைக்கு மூன்று கரண்டியாகக் கூட்டினால் சரியாகிவிடுமாம். மாத்திரை விஷமாம். கனீஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகூடப் பார்த்தாள். 'அயாதீங்க அண்ணி, எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் என் கண்ணால பாத்தவ' என்று மாதம்மாள் அவளைச் சமாதானப்படுத்துகிறாள்.

எதைப் பார்த்தாள் என்று உனக்குத் தெரியும். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை விழா. நான் சாலை ஓரம் தேன் கடை போட்டிருந்தேன். நீ பாறையில் கயிறு கட்டித் தொங்கி எடுத்த தேன். ஊர் பார்க்க வந்த ஒரு கண்ணாடிக்காரர், 'தேனும் சுகர் ஏத்துமே பாய்' என்றார். வியாபாரிக்கு ரோஷம் வரக் கூடாது, எனக்கு வந்தது. தூபா வாங்கிக் கொடுத்திருந்த சுகர் மெஷினை, 'இதோ பாருங்க ஐயா' என்று எடுத்து எல்லோர் முன்னாலும் விரலைக் குத்தினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. கூட்டம் 'அடடா' என்றது. நானுமே கொஞ்சம் ஆடிப்போனேன். பிறகு மூன்று கரண்டித் தேனைச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அரை மணி நேரம் சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மறுபடி குத்தினேன். நூற்று எழுபது. முதலில் கை தட்டியது நீ. இரண்டாவது கண்ணாடிக்காரர். சாயங்காலத்துக்குள் கடையில் ஒரு பாட்டில் மிஞ்சவில்லை. மாதம்மாள் அன்று முன்வரிசையில் நின்று பார்த்தாள். அதற்கு நான்கு மாதம் முன்னால்தான் அவளுக்குச் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மறுநாளிலிருந்து மாத்திரை டப்பாவில், தேன் வாயில்.

நான் சொல்லிப் பார்த்தேன் மச்சான். அன்றைக்கு நடந்தது வெறும் வித்தை, மெஷின் கோளாறு, என் வாய்க்கொழுப்பு என்று எல்லாம் சொன்னேன். அவள் சிரித்தாள். 'நீங்க பொய் சொல்வீங்க பாய், அது எனக்குத் தெரியாதா? இப்பக்கூட கையெழுத்து வாங்கத்தான் கத வுடுறீங்க. ஆனா மெஷினு பொய் சொல்லாது' என்றாள். முப்பது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த சம்பளம் இது. உண்மை பேச வேண்டிய ஒரே ஒரு நாளில் என்னை நம்ப ஆளில்லை.

விரலில் இருந்த கறுப்பு பாதத்தின்மேல் அரை விரற்கடை ஏறியிருக்கிறது. நர்ஸ் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டு வைத்தாள். காலையில் பார்த்தால் கோட்டுக்கு மேலே நிற்கிறது. மாதம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். 'பேனா மை கலைஞ்சிருக்கும்' என்றாள்.

சனிக்கிழமை காலை.

வெற்றிச்செல்வன் பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறான். கால் மணி நேரம் கொடுத்திருக்கிறான். அதனால் சுருக்கமாக.

இன்று விடிந்ததும் மாதம்மாளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை கோடை விழா நடத்தினேன். அதே மெஷின், அதே விரல். ரத்தம் வைக்கிற புது அட்டை வாங்கிப் போட்டேன். இந்தத் தடவை ஒரு வேடிக்கையும் பேசவில்லை. இரண்டு தடவை குத்தினேன். நடுவில் ஐந்து நிமிஷம்தான். முதலில் வந்தது நானூற்றுப் பதினெட்டு. அடுத்தது நூற்றுத் தொண்ணூற்று ஆறு. நடுவில் நான் என்ன செய்தேன் என்பதை அவள் இமைக்காமல் பார்த்தாள். சுற்றிலும் இருந்த கட்டில்காரர்களும் பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

மெஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கனீஸிடம் திரும்பிப் பேனாவைக் கேட்டாள். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி பெரிய 'மா' போட்டு, எழுத்து எழுத்தாகத் தன் பேரை எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். விரலோடு நிற்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. 'பார்ப்போம்' என்கிறார். நேற்று வரை 'நிற்கும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து மாதம்மாள் என்னோடு பேசவில்லை. கனீஸோடு பேசுகிறாள், நர்ஸோடு பேசுகிறாள். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இரண்டு தடவை வேடிக்கையாக ஏதோ சொல்லிப் பார்த்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். இப்போது வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை உன் கைக்கு வரும். அன்றைக்கே பஸ் ஏறினால் திங்கள் சாயங்காலம் வேலூர் வந்துவிடலாம். வா, மச்சான். அவள் வர வேண்டாம் என்றுதான் சொல்லுவாள், நீ வா. என்னை என்ன கேட்க வேண்டுமோ வராந்தாவில் வைத்துக் கேள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள். அவளிடம் மட்டும் சிரித்த முகமாகப் போ. உங்கள் மலைச்சாமியும் என் அல்லாவும் கூடிப் பேசி அவளைக் களத்தில் இரண்டு காலோடு நிறுத்தட்டும். பஸ் ஏறும் முன்னால் உன் கால் இரண்டையும் திருப்பிப் பார்த்துக்கொள். செருப்பு இரண்டும் இருக்கிறதா என்றும் பார்.

அவளிடம் செய்து காட்டியதை உனக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மேலேயே எழுதியிருந்தால் மீதியைப் படிக்காமல் நீ கிழித்துப் போட்டிருப்பாய் என்று பயந்து, கையெழுத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உன் மச்சான் என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
இக்பால்.

கோடை விழாவில் முதல் தடவை விரலைக் குத்தியபோது, பாட்டிலில் தேன் ஊற்றிவிட்டு வந்த கையை நான் கழுவவில்லை.